நின்ற இடத்தில் முழுப்பேர்

பதுளைக்கு ரயில் வந்த வருஷம், மடுல்சீமைப் பக்கம் கருங்காலித் தோட்டத்துக்கு ஒரு கார் வந்தது. அன்றைக்குப் பெரிய துரை பெரட்டை அரை மணி நேரம் தள்ளி வைத்தார். விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்கு விரட்டுகிற அந்தப் பெரட்டு, அவர் வந்த பதினோரு வருஷத்தில் அடைமழைக்கும் தள்ளிப் போனதில்லை. விஷக்காய்ச்சலில் ஒரே நாளில் ஏழு பிணம் விழுந்தபோதும் தள்ளிப் போனதில்லை. காருக்குத் தள்ளிப் போனது. வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த சனம் அப்போதே காரின் அந்தஸ்தைப் புரிந்துகொண்டது.

துரைக்கு மாதா கோயிலில் வைத்த பேர் நீளமாக என்னவோ இருந்தது. லயத்தில் அவருக்கு அவுன்ஸ் துரை என்று பேர். கொழுந்தை நிறுத்தாலும் அரிசியை அளந்தாலும் கடைசி அவுன்ஸ் வரைக்கும் குனிந்து பார்ப்பார். "தும்முனாகூட எத்தன அவுன்ஸுன்னு கேப்பாரு" என்பாள் கொழுந்தெடுக்கும் ஜெயலெட்சுமி. அவள் புருஷன் வீரய்யாதான் அந்தக் காருக்கு டிரைவர்.

வீரய்யா முன்பு பசறை ரோட்டில் மாட்டு வண்டி ஓட்டியவன். பிறகு பதுளையில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் ஆறு மாதம் கிடந்து தொழில் கற்றான். புதுக் காளையை முதல் நாளே பாரவண்டியில் பூட்டக் கூடாது, புது எஞ்சினும் அப்படித்தான், உள்ளே இரும்பும் இரும்பும் ஒன்றுக்கொன்று இணங்கும்வரை மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்று அங்கே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லி முடிக்க ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆனது.

அதையே ஊவாத் துரைமார் மோட்டார்ச் சங்கம் நாற்பத்தெட்டுப் பக்கத்தில் அச்சடித்திருந்தது. சங்கத்தின் பெட்ரோல் சிக்கனக் கமிட்டியில் பதினோரு துரைமார். அவர்களில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்; அவரும் லீவில் சீமைக்குப் போயிருந்தார். மிச்சம் பத்துப் பேர் கூடி அறுபத்து மூன்று சட்டம் எழுதினார்கள். எழுதிய கை, கமிட்டிக் காரியதரிசியான நம் அவுன்ஸ் துரையின் கை.

சட்டத்தை வீரய்யாவுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரிய கிளாக்கர் வீரசிங்கத்தின் தலையில் விழுந்தது.

"கேளும் வீரய்யா. முதலாவது, ஐயாயிரம் மைல் முடியுமட்டும் மணித்தியாலத்துக்குப் பதினைஞ்சு மைலுக்கு மேல போகப்படாது. ரெண்டாவது, அஞ்சு மைலுக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் நிப்பாட்டி, மூடியைத் திறந்து எஞ்சினை ஆறவிட வேணும். மூண்டாவது, இறக்கத்தில எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு வண்டியை உருளவிட வேணும். பெட்ரோல் மிச்சம்."

"இங்கன இருந்து பசறை வரைக்கும் இறக்கந்தானுங்களே. உருண்டுகிட்டே போனா எஞ்சின் எப்பங்க பழகும்?"

"அது நாலாவது. உருண்ட மைல் பழக்கக் கணக்கில சேராது. அந்த மைலைக் கொட்டகையில குடுக்க வேணும். பின்சில்லு ரெண்டையும் ஜாக்கில தூக்கி வச்சு எஞ்சினை ஓட விடுறது. ஒரு மணித்தியாலம் ஓடினால் பதினைஞ்சு மைல்."

வீரய்யா தலையைச் சொறிந்தான். "அப்ப கொட்டகையில காரு நிக்கும். ஆனா ஓடுனதாக் கணக்கு."

"ஓம்."

"ரோட்டுல ஓடும். ஆனா நின்னதாக் கணக்கு."

"ஓமோம். உமக்கு விளங்கிப்போச்சு. எனக்குத்தான் இன்னும் விளங்கேல்லை" என்றார் கிளாக்கர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அஞ்சாவதைக் கவனமாக் கேளும். ஒரு கலன் பெட்ரோலுக்கு இருபத்திரண்டு மைல் காட்ட வேணும். குறைஞ்சால் மிச்சத்தை டிரைவர் களவெடுத்ததாக் கணக்கு. பத்துச்சீட்டில சிவப்பு மையால எழுதி அனுப்பிப்போடுவார்."

ஒரு தோட்டத்தை விட்டுப் போகிறவனுக்குத் துரை கொடுக்கும் சீட்டுதான் பத்துச்சீட்டு. அதில் சிவப்பு மை ஏறினால் ஊவாவில் எந்தத் தோட்டத்திலும் அவனுக்கு லயத்தில் தங்கக் காம்பரா கிடைக்காது. ஜெயலெட்சுமி வேறு எட்டு மாசம். அந்த இருபத்திரண்டு மைலைக் கமிட்டி கண்டுபிடித்ததோ கொழும்புக் கடற்கரையில், பாய் விரித்தது போன்ற சமதரையில். மடுல்சீமை ஏற்றத்தில் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறுகிற புது எஞ்சின் பன்னிரண்டைத் தாண்டினால் பெரிய காரியம்.

மறுநாளிலிருந்து கார் பெரட்டுக்கு வந்தது. இது பதினொன்றாவது சட்டம். கொழுந்துக்காரிகள் ஒரு வரிசை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆட்கள் ஒரு வரிசை, கடைசியில் கார். கங்காணி பேர் வாசித்து முடித்ததும் துரை காரின் முன்னால் நின்று, "கார்!" என்று கூப்பிடுவார். வீரய்யா ஹாரனை அமுக்குவான். செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் அதற்கும் தினம் பேர் விழுந்தது. பதினைந்து மைல் பழகினால் முழுநாள் கூலிக்கான முழுப்பேர், குறைந்தால் பாதிக் கூலிக்கான அரைப்பேர். நாள் முழுக்க மலையில் முதுகொடிந்தவர்களுக்கும் அதே முழுப்பேர்தான், அதே அரைப்பேர்தான். ஒரு வித்தியாசம் உண்டு. காரைக் கங்காணி ஏசவில்லை.

முதல் வாரமே பெட்ரோல் துண்டு விழுந்தது. கொட்டகையில் ஓடிக் குடித்த பெட்ரோலை எழுதக் கமிட்டி அச்சடித்த தாளில் கட்டமே இல்லை. கட்டமில்லாத பெட்ரோல் களவு போன பெட்ரோல் என்று துரை தீர்மானித்தார். துரை தமிழ்ப் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் வாங்கியவர். அந்தப் பரீட்சைக்கு மரியாதைப் பன்மை பாடமில்லை.

"வீரய்யா! நீ வாய் தெற. ஊது!"

வீரய்யா ஊதினான். துரை முகர்ந்து பார்த்தார். முந்தின நாள் தின்ற கருவாடுதான் மணத்தது. அதைக் கமிட்டிக்கு எழுதினார்: "சாரதி மீன் வாசனையைக் கொண்டு பெட்ரோல் வாசனையை மறைக்கிறான்." அடுத்த வாரம் லயத்தில் சோதனை நடந்தது. ஜெயலெட்சுமியின் மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு போய், எண்ணெயைக் கொட்டி மோந்து, விளக்கைச் சாட்சிப் பொருளாக வைத்துக்கொண்டார்கள். அவள் கங்காணியைப் பார்த்து, "அடுப்புச் சாம்பலையும் அள்ளிட்டுப் போங்க, அதுலயும் மோந்து பாப்பாரு" என்றாள்.

முப்பதாவது நாள் காலை, மேல்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஜெயலெட்சுமிக்கு நாள் முந்தியே வலி கண்டது. கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். லயத்து மருத்துவச்சி ரெங்கம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீரய்யாவைத் தனியே கூப்பிட்டாள்.

"புள்ள குறுக்க கெடக்குடா. எங்கைக்கு மிஞ்சின காரியம். பசறை ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிரு. வெரசாப் போனா ரெண்டு உசுரு."

வீரய்யா கொட்டகைக்கு ஓடினான். கார் ஜாக்கின் மேல் நின்றது. பின்சில்லுகள் காற்றில் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. நான்கு மணி நேர ஓட்டம் அன்றைக்கு. துரையே நாற்காலி போட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

வீரய்யா கையெடுத்துக் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னான். "காரு குடுங்க தொரை. பதிமூணு மைலுதானுங்க. சட்டப்படியே போறேன்."

"முடியாது" என்றார் துரை. "கார் ஓடுது. ஓடுற கார் நடுவுல நிப்பாட்ட முடியாது."

"தொரை, காரு நிக்குதுங்க."

"இல்லை. ஓடுது." துரை கடிகாரத்தைக் காட்டினார். அவர் குரலில் கோபமில்லை. நல்லபடியாகவே விளக்கம் சொன்னார். "நீ பாரு, வீரய்யா. இது சின்னக் கொழந்தை. முப்பது நாள்தான் ஆச்சு. இப்ப நீ அவசரம் பண்ணுனா இது பூரா ஆயுசும் கெட்டுப் போவும். உனக்கு இரக்கம் இல்லை?"

வீரய்யா காலில் விழுந்தான். காலை நகர்த்திக்கொண்டு, மணியைக் குறித்துக்கொண்டார் துரை.

நாலு பேர் மூங்கிலில் கம்பளியைத் தொட்டில் போலக் கட்டி, ஜெயலெட்சுமியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வளைவுக்கு வளைவு அவள் கத்தினாள். எட்டாம் மைல் கட்டை தாண்டும்போது கத்தல் நின்றது. பிள்ளை அங்கேதான் பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. பேர் வைக்காமலே ரோட்டோரத்தில் புதைத்தார்கள். அவளைப் பசறையில் காப்பாற்றிவிட்டார்கள்.

அன்றைய செக்ரோலில் காருக்கு முழுப்பேர். மத்தியானத்துக்கு முன்பே மலையை விட்டு இறங்கியதால் ஜெயலெட்சுமிக்கு அரைப்பேர். இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கு இந்த இடத்தில் வயிறு எரிகிறது. எரியட்டும், மேலே சொல்கிறேன்.

ஆசுபத்திரியிலிருந்து வந்தவள் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் திரும்பிப் படுத்துக் கேட்டாள்.

"அன்னிக்கு அந்தக் காரு எம்புட்டுத் தூரம் போச்சு?"

"அறுவது மைலுன்னு எழுதிருக்காங்க."

"கொட்டகைக்குள்ளயா?"

"ஆமா."

வீரய்யா எழுந்து மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தான்.

"அத வைங்க" என்றாள். "இரும்ப அடிச்சு என்னா ஆவப் போவுது? அதுக்கா வலிக்கும்?"

வீரய்யா கடப்பாரையை வைத்துவிட்டுக் கிளாக்கர் வீட்டுக்குப் போனான். "அய்யா, அந்தப் பொஸ்தகத்த முழுசா வாசிங்க. ஒரு சட்டம் விடாம." மூன்று சாயங்காலம் வாசித்தார் கிளாக்கர். எழுத்து வாசனை இல்லாதவனுக்கு மனப்பாடம் கெட்டி. மூன்றாம் நாள் அறுபத்து மூன்றும் அவன் நாக்கு நுனியில் நின்றன. அன்று முதல் ஊவா மாகாணத்திலேயே அவனைப் போலச் சட்டத்துக்கு அடங்கிய டிரைவர் கிடையாது. பெட்ரோலும் இருபத்திரண்டு மைல் காட்டியது. பசறையிலிருந்து திரும்பும் ஏற்றங்களில் இரண்டு காளையைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். ஏற்றத்தில் காளை கட்டக் கூடாதென்று சட்டத்தில் எங்கும் இல்லை. காளை இழுத்த மைலும் பெட்ரோலில் ஓடிய மைலாகவே கணக்கில் ஏறியது; கமிட்டி கேட்கவும் இல்லை.

கமிட்டி பூரித்துப் போனது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய பிரபு பதுளைக் குதிரைப் பந்தய மைதானத்துக்கு வருகிறார், சிக்கனத்துக்கும் எஞ்சின் பழக்கத்துக்குமான வெள்ளிக் கோப்பையை மாலை நாலு மணிக்கு அவுன்ஸ் துரையின் கையில் கொடுக்கிறார் என்று கடிதம் வந்தது. கார் அந்தச் சபைக்குச் சட்டப்படி ஓடி வர வேண்டும். கூடவே கமிட்டியின் பரிசோதகர் துரை ஒருவர் கடிகாரமும் பென்சிலுமாக உட்கார்ந்து வருவார்.

இதில் ஒரு விசேஷம். அவுன்ஸ் துரை அதுவரை அந்தக் காரில் ஏறியதே இல்லை. பழகாத எஞ்சினில் பாரம் கூடக் கூடாது என்று குதிரையிலேயே போய் வந்தார். இருபத்தைந்து மைலைப் பதினைந்தால் வகுத்து, இரண்டு மணி நேரம் போதும் என்றார். ஆனாலும் மரியாதைக்குக் காலை ஒன்பது மணிக்கே, கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டுக்கொண்டு, பிரசங்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினார்.

முதல் வளைவில் கார் நின்றது. வீரய்யா மூன்று தரம் ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தான்.

"ஏன் நிக்குது?"

"இருவத்திரெண்டாவது சட்டமுங்க தொரை. வளைவுல மூணு தரம் அடிச்சு, எதிரொலி அடங்குன பொறவுதான் போவணும்."

மடுல்சீமை மலையில் எதிரொலி லேசில் அடங்காது. வளைவுகளோ எண்ணி மாளாது. பரிசோதகர் துரை பென்சிலை நனைத்து எழுதிவிட்டு இங்கிலீஷில் கேட்டார். "அருமையான சாரதி. எங்கே பிடித்தீர்கள்?"

"என் பயிற்சி" என்றார் அவுன்ஸ் துரை.

ஐந்தாம் மைலில் அரை மணி நேரம் எஞ்சின் ஆறியது. பெட்ரோல் தொட்டியில் கோல் விட்டு, அலை அடங்கும்வரை கால் மணி நேரம் பொறுத்து அளந்தான். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருட்டினான்; பிரேக் சூடேறினால் நின்று ஆற்ற வேண்டுமென்பது முப்பதாவது சட்டம், ஆற்றினான். எட்டாம் கட்டை வந்தது. அங்கே நிறுத்தச் சட்டம் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டிக்கொண்டே போனான்.

பசறையை எட்டியபோது மணி இரண்டே கால். இன்னும் பன்னிரண்டு மைல், அதில் பாதி ஏற்றம். வீரய்யா இறங்கி, மூடியைத் திறந்து, தண்ணீர் வாளியை எடுத்தான்.

"ஏறு! ஓட்டு! வேகமா ஓட்டு!" துரையின் முகம் தக்காளிப் பழமாகியிருந்தது.

"அரை மணி நேரம் ஆறணுமுங்க தொரை. அதுக்கு மேலயும் பதினைஞ்சத் தாண்டப்படாதுங்க."

"நான் சொல்றேன்! நான்தான் சட்டம் எழுதுனேன்!"

பரிசோதகர் துரை தொண்டையைக் கனைத்தார். "ஒன்பதாவது விதி, நண்பரே. பழகாத எஞ்சினை விரட்டுபவன் சாரதியானாலும் சொந்தக்காரனானாலும் பெட்ரோல் கள்வன்; அவன் பெயர் ஓராண்டு கிளப் பலகையில் ஒட்டப்படும். தாங்கள் எழுதியதிலேயே சிறந்த வாக்கியம் அது."

"பிரபு காத்திருக்கிறார்! சிக்கனத்தைப் பற்றிப் பேச நான் நேரத்துக்குப் போக வேண்டாமா? சட்டங்கள் ஓட்டுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை, ஐயா! நமக்காகவா எழுதினோம்?"

பரிசோதகர் அதையும் எழுதிக்கொண்டார். அவுன்ஸ் துரை வீரய்யாவைத் தள்ளிவிட்டு, மூடியை அறைந்து மூடி, கொட்டகையில் பார்த்தே கற்ற வித்தையை நம்பித் தானே ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தார். வீரய்யா மிதிபலகையில் தொற்றிக்கொண்டான்.

"தொரை, தண்ணி ஊத்த..."

"வாய மூடு!"

வீரய்யா மூடினான்.

கார் ஏற்றத்தில் அலறிக்கொண்டு பாய்ந்தது. முதல் மைலில் மூடியிலிருந்து ஆவி வந்தது. இரண்டாம் மைலில் ஆவி வெள்ளையாகப் பொங்கியது. துரை அதை மலைமேகம் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் அழுத்தி மிதித்தார். வீரய்யாவுக்குத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும், காரைக் காப்பாற்றலாம். துரையின் முதுகைப் பார்த்தான். கம்பளியில் கிடந்து கத்தியவளின் குரல் காதில் கேட்டது. வாயை இன்னும் இறுக்க மூடிக்கொண்டான். அவன் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக யாருக்கும் கீழ்ப்படிந்ததில்லை.

நாலாவது மைலில் உள்ளே இரும்பு இரும்பைக் கவ்வியது. கறகறவென்று ஒரு சத்தம். கார் முக்கி, குலுங்கி, ரோட்டின் நடுவே நின்றுவிட்டது. எண்ணெய் கருகிய நாற்றம் கிளம்பியது.

"இது என்னா? ஏன் நீ சொல்லல?"

வீரய்யா மூடிய வாயை விரலால் தொட்டுக் காட்டினான்.

"பேசு!"

"வாய மூடச் சொன்னீங்க தொரை. எஞ்சின் செத்துப் போச்சுங்க."

மழை பிடித்துக்கொண்டது. அவுன்ஸ் துரை ரோட்டில் இறங்கி நின்று ஆள் கூப்பிட்டார். இங்கிலீஷில் கூப்பிட்டார், தமிழில் கூப்பிட்டார், கடைசியில் வெறுமனே கத்தினார். மலை அவர் குரலை அவருக்கே திருப்பிக் கொடுத்தது. ஒரு மணி நேரம் கழித்து எலும்புத்தூள் உரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. இரண்டு துரைமாரும் சாக்குமேல் ஏறிப் போனார்கள். பதுளை மைதானத்தை அடைந்தபோது பிரபு காலி நாற்காலிக்கு முன்னால் நேரந்தவறாமையின் மேன்மையைப் பேசிவிட்டு ரயிலுக்குப் போயிருந்தார். ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். துரைமார் பக்கத்தில் ஒருவரும் நிற்க முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம்.

கமிட்டி மறுநாள் காலையே கூடியது. சட்டம் சட்டந்தானே. பெட்ரோல் கள்வன் என்ற தலைப்பின் கீழ் அவுன்ஸ் துரையின் நீளமான பேரை முழுசாகச் சிவப்பு மையில் எழுதிக் கிளப் பலகையில் ஒட்டினார்கள். ஒரு வருஷம் அது அங்கே இருக்கும். டிரைவர் கடைசிவரை விதி வழுவாதவன், அவன்மீது குற்றமில்லை என்று பரிசோதகர் துரை வீரய்யாவின் பத்துச்சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்தத் தோட்டத்துக்கும் போகலாம்.

வீரய்யா அதற்கடுத்த நாள் மத்தியானம் லயத்துக்கு வந்து சேர்ந்தான். ஜெயலெட்சுமி சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தொரை கத்துனானா?" என்று கேட்டாள்.

"கத்துனான்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"யாராச்சும் வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள். "மெதுவாச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."